எண்ணக்கூடிய எஞ்சின்

விடிகாலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் – ராஜபாளையம் சாலையோரம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பாருங்கள். மேற்கே மலை இன்னும் கறுப்பாகத்தான் இருக்கும். கொல்லம் போகிற லாரிகள், பால்வண்டிகள், மில் ஷிஃப்டுக்குப் போகிறவர்களின் பைக்குகள் என்று ஒன்று மாற்றி ஒன்று கடக்கும். சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவர்கூட ஒரு வண்டியை மட்டும் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார்: "புல்லட்டு வருது."

சத்தம்தான் காட்டிக்கொடுக்கிறதே, இதில் என்ன அதிசயம் என்பீர்கள். ஏன் அந்தச் சத்தம் என்று கேட்டால், "சிங்கிள் சிலிண்டர்லா, அதான்" என்று பெஞ்சிலிருந்து பதில் வரும். சிக்கலே அங்கேதான். புல்லட்டின் பின்னாலேயே வருகிற ஸ்பிளெண்டரும் ஒற்றைச் சிலிண்டர்தான். அதை யாரும் காதால் அடையாளம் சொல்வதில்லையே, ஏன்?

இந்தக் கேள்வியோடு கைப்பேசியை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவில் நிற்கும் ஒரு பழைய புல்லட்டை ஓடவிட்டுப் பத்து வினாடி ஒலிப்பதிவு செய்தேன். ஒலியைக் கோடாக வரைந்து காட்டும் செயலிகள் இப்போது இலவசம். திரையில் பார்த்தால் வரப்பில் நட்ட தென்னைகள் மாதிரி இருந்தது. ஒரு உயரமான முள், பிறகு வெற்றிடம், மறுபடி முள். ஒரு வினாடிக்குள் ஏழோ எட்டோ முட்கள். ஸ்பிளெண்டரையும் அதே போலப் பதிந்தேன். முட்கள் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் வந்தன. உயரம் குறைவு, நெருக்கம் அதிகம்.

இந்த முள் எங்கிருந்து வருகிறது? நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன் இரண்டு முறை ஏறி இறங்கினால்தான், அதாவது நான்கு வீச்சில்தான், ஒரு வேலை முடியும். பெட்ரோல் கலந்த காற்றை உறிஞ்சுவது ஒரு வீச்சு, அதை அமுக்குவது ஒன்று, எரிந்து விரிந்து தள்ளுவது ஒன்று, எரிந்த புகையை வெளியேற்றுவது ஒன்று. நான்கில் சம்பாதிப்பது மூன்றாவது மட்டும். மற்ற மூன்றும் செலவு.

கமலை இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். மாடுகள் சரிவில் இறங்கும்போதுதான் சால் தண்ணீரோடு மேலே வரும். பின்னால் நடந்து ஏறும்போது வெறும் சால்தான் இறங்கும். பாதி நேரம்தான் தண்ணீர். எஞ்சினில் அந்தப் பங்கு கால்வாசி. அப்படியானால் மீதி முக்கால் நேரமும் வண்டி எப்படி ஓடுகிறது? எரிந்த அந்த ஒரு வீச்சில் கிடைத்த சக்தியை ஒரு கனமான சக்கரம் வாங்கி வைத்துக்கொண்டு, வருமானமில்லாத மூன்று வீச்சுக்கும் பட்டுவாடா செய்கிறது. மெக்கானிக்குகள் ஃப்ளைவீல் என்பார்கள். சேமிப்புச் சக்கரம் என்று சொல்லலாம். மின்சாரம் வருவதற்கு முன் கிணற்றடியில் ஓடிய ஆயில் எஞ்சினுக்கு வெளியே ஆளுயரத்தில் பாதிக்குச் சுற்றிய சக்கரமும் இதே வேலையைத்தான் செய்தது.

புல்லட்டின் முதல் ரகசியம் இந்தச் சக்கரத்தின் கனம். கனம் கூடுதலாக இருந்தால் எஞ்சின் நின்றுவிடாமல் மெதுவாக ஓட முடியும். பழைய புல்லட் நிமிடத்துக்கு 900 சுற்றில் நிதானமாக நிற்கும். இரண்டு சுற்றுக்கு ஒரு எரிப்பு என்றால் நிமிடத்துக்கு 450, வினாடிக்கு ஏழரை. ஸ்பிளெண்டர் 1400 சுற்றில் நிற்கிறது, வினாடிக்கு ஏறக்குறைய பன்னிரண்டு. நம் காதுக்கு ஒரு எல்லை உண்டு. வினாடிக்கு 20 தட்டு வரை தனித்தனியாகக் கேட்கும். அதற்கு மேல் போனால் தட்டுகள் ஒட்டிக்கொண்டு ஒரு சுருதியாகிவிடும். மிருதங்கம் தம்பூராவாக மாறுகிற இடம் அது. கணக்குப்படி அந்த இடம் 2400 சுற்று. ஊருக்குள் மெதுவாகப் போகும் புல்லட் பெரும்பாலும் அந்த எல்லைக்குக் கீழேயோ அருகிலோதான் இருக்கிறது. ஸ்பிளெண்டர் கிளம்பின உடனேயே தாண்டிவிடும்.

இரண்டாவது ரகசியம் அளவு. பழைய புல்லட்டின் சிலிண்டர் 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. வீச்சு, மொத்தம் 346 சி.சி. ஸ்பிளெண்டர் 97 சி.சி. நாம் கேட்கும் 'டுப்' உள்ளே எரிகிற சத்தமன்று. அதை இரும்புச் சுவர் மூடிவிடுகிறது. புகைபோக்கி வால்வு திறக்கும் நொடியில் உள்ளே இன்னும் பல மடங்கு அழுத்தம் மிச்சம் இருக்கும். அது குழாய்க்குள் பாய்கிற அதிர்ச்சிதான் டுப். குக்கர் விசிலைத் தூக்கிவிட்டால் புஸ் என்று வருவது போல. குக்கர் பெரிதானால் புஸ்ஸும் பெரிது.

ஆக புல்லட்டை ஒவ்வொரு துடிப்பாக எண்ணலாம். தன் வேலையைக் காதுக்கு இப்படி ஒப்புக்கொடுக்கிற யந்திரம் வேறு அதிகம் இல்லை. பழைய ஒற்றைச் சிலிண்டர் பைக்குகள் மேல் சேகரிப்பாளர்களுக்கு இருக்கும் பித்துக்கு விலை, அபூர்வம் என்று பல காரணம் சொல்வார்கள். என் கணக்கில் முதல் காரணம் இந்த எண்ணிக்கைதான்.

பழைய புல்லட்டை உதைக்கும் சடங்கையும் இங்கே சொல்லவேண்டும். ஹெட்லைட் மேல் வட்டமாக ஒரு அம்மீட்டர் இருக்கும். பாட்டரிக்கு மின்சாரம் போகிறதா வருகிறதா என்று காட்டுவதுதான் அதன் உத்தியோகம். நான் பழகிய மெக்கானிக் அண்ணாச்சி அதைக் கண்ணாகவே பயன்படுத்துவார். சாவியைப் போட்டு, இடதுகைப் பக்கம் இருக்கும் சின்ன லீவரை அழுத்திக்கொண்டு, கிக்கரை மெல்ல மெல்ல இறக்குவார். முள் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். சட்டென்று நடுவுக்கு வரும். "நில்லு. இப்ப வுடு லீவர. கிக்கர மேல வரவிட்டு, ஒரே மிதி."

அந்த முள் காட்டுவது என்ன? பொறி தட்டும் பாயின்ட் மூடியிருக்கும்போது மின்சாரம் ஓடும், முள் சாயும். பிஸ்டன் அமுக்க வீச்சின் உச்சிக்கு வரும் நேரத்தில் பாயின்ட் திறக்கும், முள் நடுவுக்குத் திரும்பும். இரும்புக்குள் ஒளிந்திருக்கும் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பதை வெளியே இருக்கிற முள் சொல்லிவிடுகிறது. அந்த லீவர் வால்வைக் கொஞ்சம் தூக்கி அழுத்தத்தைக் கசியவிடுவதற்கு. ஆயில் எஞ்சினுக்கு ஹேண்டில் போட்டுச் சுற்றியவர்களுக்கும் அதே லீவர் தெரியும். உச்சியைக் கொஞ்சம் தாண்டி நிறுத்தினால் அடுத்த அமுக்கத்துக்கு முன் சேமிப்புச் சக்கரம் கிட்டத்தட்ட ஒன்றரைச் சுற்று வேகம் எடுக்கலாம். தவறான இடத்தில் மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். எனக்கு ஒருமுறை கணுக்கால் வீங்கி, வைத்தியத்துக்கு எண்ணெய்ப் பற்று போட்டுப் பத்து நாள் நடந்தேன். அண்ணாச்சி சிரித்துவிட்டு, "முள்ளப் பாக்காம மிதிச்சா அப்படித்தான்" என்றார்.

இனி பந்தயத்துக்கு வருவோம். புல்லட் பந்தய வண்டி அல்ல. சுமைக்கும் கரடுமுரடுக்கும் பிறந்தது. ஆனால் அதன் உறவுக்காரர்கள், அதே பிரிட்டிஷ் ஒற்றைச் சிலிண்டர் குடும்பத்தில், உலகத்தின் வேகமான பைக்குகளாக இருந்தார்கள். தலையாயது நார்ட்டன் நிறுவனத்தின் மேங்க்ஸ். ஐரிஷ் கடலில் உள்ள மேன் தீவில் 1907 முதல் நடக்கும் டி.டி. பந்தயத்தோடு சேர்ந்த பெயர் அது. வீட்டுச் சுவரும் தபால்பெட்டியும் ஓரமாக நிற்கும் பொதுச்சாலையில் ஒரு சுற்றே சுமார் 60 கிலோமீட்டர்.

ஒரு பெரிய பிஸ்டனை எவ்வளவு வேகமாக ஆட்டலாம்? இந்தக் கேள்விக்கு விடை தேட ராஜபாளையத்திலிருந்து பக்கத்தில் சத்திரப்பட்டிக்குப் போனால் போதும். பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகளின் சத்தம் தெருவெல்லாம் கேட்கும் ஊர். பழைய தறியில் நாடா இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு எறியப்படுகிறது, அங்கே நிறுத்தப்படுகிறது, திரும்பி எறியப்படுகிறது. தறியை வேகமாக ஓட்டவிடாமல் தடுப்பது நூல் அல்ல, நாடாவை நிறுத்துவதும் கிளப்புவதும்தான். பள்ளிக்கூடப் பாடத்தில் நிலைமம் என்று படித்தோமே, அதுதான். ஓடுவது ஓடவே பார்க்கும், நிற்பது நிற்கவே பார்க்கும்.

பிஸ்டனும் ஒரு நாடா. 1954-க்குப் பிந்தைய 500 சி.சி. மேங்க்ஸின் வீச்சு 85.6 மி.மீ. 7000 சுற்றில் அதன் பிஸ்டன் ஒரு வினாடிக்கு 233 முறை முழுசாக நின்று திரும்புகிறது. நின்று திரும்பியும் அதன் சராசரி வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர், நம் மதுரை பஸ் அளவுக்கு. உச்சியில் திரும்பும் கணத்தில் அது உணர்கிற முடுக்கம் புவியீர்ப்பைப்போல சுமார் 2900 மடங்கு. 400 கிராம் பிஸ்டன் என்று வைத்துக்கொண்டால், அதை இழுத்து நிறுத்தும் தண்டின் மேல் ஒரு டன்னுக்கு மேல் சுமை, ஒவ்வொரு சுற்றிலும். இன்னொன்று, இந்தச் சுமை வேகத்தோடு நேராக ஏறாது. 5000 சுற்றிலிருந்து 7000 போனால் வேகம் கூடுவது ஐந்தில் இரண்டு பங்கு, சுமையோ ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும்.

உள்ளே நடப்பதை யாரும் பார்த்ததில்லையே, எல்லை எங்கே என்று எப்படித் தெரிந்தது? உடைந்த தண்டுகளே சொல்லின. ஒரே இழுவையில் அறுந்த இரும்பு ஒரு மாதிரி இருக்கும், லட்சக்கணக்கான சின்னச் சின்ன இழுவைகளால் மெல்ல விரிசல் விட்டு அறுந்தது வேறு மாதிரி இருக்கும். இரண்டாவது வகையில் உடைந்த முகத்தில் வரிவரியாகக் கோடுகள், கண்மாய் வற்றும்போது கரையில் தண்ணீர் விட்டுப்போகிற கோடுகள் மாதிரி. உலோகச் சோர்வு என்பார்கள். ரயில் அச்சுகள் உடைவதை வைத்து 19-ம் நூற்றாண்டின் நடுவிலேயே ஜெர்மனியில் வோலர் இதை முறையாக ஆராய்ந்தார். பந்தயக் கொட்டகையில் எஞ்சினைப் பிரித்துத் தண்டைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறவர் தேடுவது இந்தக் கோட்டின் முதல் நூலிழையைத்தான்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையைக் கொஞ்சம் அசைக்க வேண்டும். "லாங் ஸ்ட்ரோக்கு, அதான் இழுவை" என்று எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் கேட்கலாம். நெம்புகோல் நீளமானால் திருப்புவிசை கூடும் என்று காரணமும் சொல்வார்கள். கொள்ளளவு மாறாமல் வீச்சு நீண்டால் சிலிண்டர் ஒல்லியாகிவிடுமே, ஒல்லிப் பிஸ்டன் மேல் விழும் தள்ளுவிசையும் குறைந்துவிடுமே! ஒரு கையில் வாங்கியது மறு கையில் போய்விடுகிறது. புல்லட்டின் இழுவைக்குக் காரணம் வேறு. ஒல்லிச் சிலிண்டரில் சின்ன வால்வுகள்தான் கொள்ளும். சின்ன வாசல் வழியே காற்று வேகமாக நுழைவதால் மெதுவாக ஓடும்போதும் உள்ளே நன்றாக நிறையும். மேட்டில் கியர் இறக்காமல் ஏறுவது அதனால். அதே வாசல் உயர் சுற்றில் மூச்சுத் திணறும். நார்ட்டன்காரர்கள் 79.6-க்கு 100 என்றிருந்த அளவை 1954-ல் 86-க்கு 85.6 என்று மாற்றியபோது வாசலும் பெரிதாயிற்று, நாடா போகும் தூரமும் குறைந்தது. ஒரே மாற்றத்தில் இரண்டு தடைகள் விலகின.

இருந்தாலும் ஒரு பெரிய பிஸ்டனை நான்கு சின்னதாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் குறைந்த தூரம் ஓடும், எளிதாக வேகம் எடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். இத்தாலியின் கிலேரா அதைச் செய்து காட்டியது. 1951-ல் நார்ட்டனில் உலக சாம்பியனான ஜெஃப் டியூக், 1953-ல் நான்கு சிலிண்டர் கிலேராவுக்கு மாறி மறுபடி சாம்பியன் ஆனார். ஒற்றைச் சிலிண்டரின் கதை அப்போதே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. பந்தயம் நேர்ச்சாலையில் மட்டும் நடப்பதில்லையே. மேங்க்ஸ் சுமார் 140 கிலோ, ஒடுக்கமான உடம்பு, வளைவில் சாய்க்கத் தோது. 1950-ல் வட அயர்லாந்தின் மெக்கேண்ட்லஸ் சகோதரர்கள் அதற்கு வடிவமைத்த சட்டத்தை ஓட்டிப் பார்த்த வீரர் ஹெரால்ட் டேனியல், இறகு மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார். சட்டத்துக்கு அதுவே பெயராகிவிட்டது. நம் ஊர்க்காரர் ஓட்டியிருந்தால் இலவம்பஞ்சு என்றிருப்பார். தவிர, நான்கு சிலிண்டர் வண்டிகள் தொழிற்சாலை அணிகளுக்கு மட்டும். மேங்க்ஸைக் காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம், வேனில் ஏற்றிப்போய் ஓட்டி, ராத்திரியில் தாமே பிரித்துப் பூட்டலாம். 1961-ல் மைக் ஹெய்ல்வுட் மேன் தீவின் பெரிய பந்தயத்தில் மேங்க்ஸில் ஜெயித்தார். மொத்தப் பந்தயத்துக்கும் சராசரி வேகம் மணிக்கு நூறு மைலுக்கு மேல். 1969-ல் யூகோஸ்லாவியாவின் ஓபாட்டியாவில் காட்ஃப்ரி நாஷ் ஜெயித்ததுதான் 500 சி.சி. உலகப் பந்தயத்தில் ஒற்றைச் சிலிண்டரின் கடைசி வெற்றி. அதற்குள் அந்த வண்டியின் உற்பத்தியே நின்று சில வருடங்கள் ஆகியிருந்தன.

மேங்க்ஸின் பின்னால் நின்று பார்த்தால் புகைபோக்கி நாதஸ்வரம் மாதிரி விரிந்து முடியும். சத்தத்துக்காக வைத்தது என்று நினைத்துவிடக் கூடாது. வால்வு திறந்ததும் குழாயில் ஒரு அழுத்த அலை ஓடுகிறது. குழாயின் வாயில் அது வெளியே சிதறும்போது, எதிரொலி போல ஒரு அலை உள்ளே திரும்புகிறது, ஆனால் தலைகீழாக. போனது தள்ளும் அலை என்றால் வருவது உறிஞ்சும் அலை. சூடான புகையில் ஒலி வினாடிக்குச் சுமார் 500 மீட்டர் போகும். ஒரு மீட்டர் குழாயில் போய்வர வினாடியில் ஆயிரத்தில் நான்கு பங்கு. 6000 சுற்றில் அந்நேரத்துக்குள் எஞ்சின் அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகத் திரும்பியிருக்கும். மிச்சப் புகை வெளியேறி, புதுக் காற்று நுழையத் தொடங்குகிற சமயத்துக்கு உறிஞ்சும் அலை வந்து சேரும்படி குழாயின் நீளத்தை அமைத்துவிடலாம். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல. நாதஸ்வரத்தின் அணசு போன்ற அந்த விரிவு, திரும்பும் அலையை ஒரே அடியாக அனுப்பாமல் கொஞ்ச நேரத்துக்கு நீட்டித் தருகிறது. 3000 சுற்றில் அதே அலை சீக்கிரமே வந்துவிடும், பலன் இல்லை, எஞ்சின் இருமும். அதனால் மேங்க்ஸ்காரர்கள் வளைவுகளில் கிளட்ச்சை வழுக்கவிட்டே ஓட்டினார்கள். குழாய் ஒரே சிலிண்டருக்கு என்பதால் அண்டை வீட்டு அலை வந்து கணக்கைக் கெடுப்பதில்லை.

அந்தப் பந்தயங்களின் வாசனை என்று கிழவர்கள் உருகுவது நம் வீட்டு விளக்கெண்ணெயின் வாசனைதான். ஆமணக்கு எண்ணெயில் இருக்கும் ரிசினோலீயிக் அமிலம் சூட்டிலும் உலோகத்தைவிட்டு விலகாமல் ஒட்டிக்கொள்ளும், பெட்ரோலில் எளிதில் கரையாது. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. ஓட்டி முடித்ததும் வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிசினாக உறைந்து குழாயை அடைக்கும்.

இங்கிலாந்தில் இந்தக் குடும்பம் நொடித்தபோது நம் பக்கம் ஒரு கிளை தழைத்தது. ராணுவத் தேவைக்காகத் தொடங்கி, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கியது. திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. தாய்க் கம்பெனி 1970-ஐ ஒட்டி மூடப்பட்டது. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆனது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடந்ததும் இதே காலத்தில்தான். மேங்க்ஸைச் செய்த நார்ட்டனை 2020 ஏப்ரலில் 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது டி.வி.எஸ். மோட்டார், 1911-ல் மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய தொழிலின் வாரிசு. அதே குடும்பத்து பி.எஸ்.ஏ. கோல்டு ஸ்டாரின் பெயரும் இப்போது மகிந்திரா குழுமத்தைச் சேர்ந்த கிளாசிக் லெஜண்ட்ஸ் கையில். 1937-ல் புரூக்லேண்ட்ஸ் ஓடுபாதையில் வால் ஹேண்ட்லி ஒரு பி.எஸ்.ஏ.யில் நூறு மைல் வேகச் சுற்று ஓடித் தங்க நட்சத்திரப் பதக்கம் வாங்கியதால் வந்த பெயர் அது.

இப்போதைய 350 புல்லட்டில் எதிரெடைத் தண்டு ஒன்று சேர்ந்து சுற்றி அதிர்வைத் தின்றுவிடுகிறது. நல்ல பொறியியல். "அடி இல்ல" என்று பழைய ஆட்கள் குறைப்படுவதிலும் நியாயம் இருக்கிறது.

பழசுக்கு விலை ஏறினால் போலியும் ஏறும். கோல்டு ஸ்டாரில் டிபிடி34 என்று தொடங்கும் எஞ்சின் எண்ணுக்குத் தனி மவுசு. மலிவான வண்டியின் எண்ணை அரத்தால் தேய்த்துவிட்டு மவுசான எண்ணை அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அங்கேயும் உலோகம் காட்டிக்கொடுக்கும். குறிப்பேட்டில் அழுத்தி எழுதிய தாளைக் கிழித்துவிட்டாலும், அடுத்த தாளில் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்து தெரிகிறதல்லவா? எண் அடிக்கும்போது சுத்தியல் அடி குழியோடு நிற்பதில்லை. அதன் அடியில் கொஞ்ச ஆழம் வரை உலோகத்தின் படிகங்கள் நசுங்கிப்போகின்றன. மேலே உள்ளதைத் தேய்த்தாலும் நசுங்கிய உலோகம் அங்கேயே இருக்கும். தடயவியல் ஆய்வகத்தில் அந்த இடத்தை மெருகேற்றி, அந்த உலோகத்துக்கு ஏற்ற அரிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவுவார்கள். நசுங்கிய உலோகமும் நசுங்காத உலோகமும் ஒரே மாதிரி அரிக்கப்படுவதில்லை. மறுபடி மறுபடி தடவ, வெறுமையாகக் கிடந்த உலோகத்தில் முதலில் ஒரு 3-ன் முதுகு மங்கலாக எழும்பும், பிறகு பக்கத்தில் ஒரு கோடு. காய்ந்தால் மறைந்துவிடும் என்பதால் ஒருவர் தடவிக்கொண்டே இருக்க, இன்னொருவர் படம் எடுத்துக்கொண்டே இருப்பார்.